வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை

 

ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு சகோதரர் நம்மைப் பள்ளிவாசல் வராந்தாவில் நிறுத்தி ஸலாம் சொன்னார். தம் தங்கை வெளியே ஆட்டோவில் இருப்பதாகவும், ஒரு மஸ்அலா கேட்க வேண்டுமென்றும் சொன்னார். நாமும் வெளியே போனோம். நம்மைவிட வயதில் மூத்தவர். கணவர் பல ஆண்டுகள் சவூதியில் உழைத்து ஊர் திரும்பிச் சில மாதங்களிலேயே மவுத்தாகிவிட்டார். பாகம் பிரித்து வந்ததும் தம் நகையை விற்றதும் சேர்த்து, அந்தச் சகோதரியின் கையில் நின்றது 6 லட்சம் ரூபாய். அதை ஒத்திக்குக் கொடுத்து, மூன்று ஆண்டுகளாக மகளுடன் அந்த வீட்டில் குடியிருக்கிறார். ஒத்தி கூடாது என்று யாரோ பயானில் சொன்னது காதில் விழுந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

"ஆலிம்சா, பேங்கில் போட்டால் வட்டி என்கிறீர்கள். சொந்தக்காரர் வியாபாரத்துக்குக் கொஞ்சம் கொடுத்தேன், லாபம் கிடக்கட்டும், முதலே வரவில்லை. தலைக்கு மேலே கூரையும் வேண்டும், பணமும் கரையக்கூடாது என்றுதான் ஒத்திக்குப் போனேன். அதுவும் ஹராம் என்றால் நான் எங்கே போவேன்?" என்று கேட்டார்.

"லாத்தா, ஒரு வாரம் தவணை தாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். ஹராம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருவது நமக்கு எளிது. கேட்டவர்தான் அந்தச் சொல்லோடு வாழ வேண்டியவர்.

தென்மாவட்டங்களில் ஒத்தி என்றும், வடக்கே போகியம் என்றும், சென்னையில் லீஸ் என்றும் வழங்குவது ஒன்றுதான். ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு வீட்டில் குடியேறுவது. காலம் முடிந்ததும் கொடுத்த தொகையை ஒரு பைசா குறையாமல் வாங்கிக்கொண்டு வெளியேறுவது. 'வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை' என்று நம் மக்கள் நாவில் இதற்கு ஒரு வாசகமே இருக்கிறது. வட்டிக்கடையின் பக்கம் தலைவைத்துப் படுக்காத, வங்கியில் சேரும் வட்டியைத் தொடாமல் ஒதுக்கிவைக்கிற பேணுதலுள்ள குடும்பங்கள் எத்தனையோ ஒத்தி வீட்டில் இருக்கின்றன. ஆகவே இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் ஏன் ஒத்திக்கு விடுகிறார்? அவசரத் தேவைக்காக விடுபவர் உண்டு. ஆனால் பாதிப்பேர் வாடகையின் தொல்லை தாங்காமல் விடுகிறார்கள். நம் சபராளிகள் பாலைவன வெயிலில் சேர்த்த பணத்தில் ஊரில் ஒரு வீட்டை வாங்கிப் போட்டுவிட்டு, இனி வீடு உட்கார்ந்த இடத்தில் சோறு போடும் என்று நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லட்சத்துக்கு வாங்கிய வீட்டுக்கு மாதம் 12,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 1,44,000. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அதிலும் வீட்டு வரி, தண்ணீர் வரி, மோட்டார் பழுது, ஓர் ஆள் காலி செய்து மறு ஆள் வரும்வரை இரண்டு மாதம் பூட்டிக் கிடப்பது எல்லாம் கழிய வேண்டும். இந்த வரும்படிக்காக வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்கி வாடகை வீடு கட்டுகிறவர்களையும் பார்க்கிறோம். வாடகை தவணையின் பாதிக்குக்கூடக் காணாமல், மீதியைக் கைப்பொருளிலிருந்து கட்டுகிறார்கள். இம்மை நஷ்டமும் மறுமை நஷ்டமும் ஒரே ரசீதில்!

ஆக, வாடகை என்பது தொல்லையோடு வருகிற காசு. அந்தத் தொல்லைதான் அதை ஹலாலாக்குகிறது என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை.

6 லட்சத்தைக் கடன் கொடுத்து மாதாமாதம் ஒரு தொகை வாங்குகிறவனும், வீட்டைக் கொடுத்து மாதாமாதம் ஒரு தொகை வாங்குகிறவனும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கிறார்கள். வியாபாரமும் வட்டி போன்றதுதானே என்று அன்று வாதாடியவர்களைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தில் (2:275) வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு வழக்கு அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஒருவர் ஓர் அடிமையை விலைக்கு வாங்கிச் சில காலம் வேலை வாங்கினார். பிறகு ஒரு குறை தெரியவந்து திருப்பிக் கொடுத்தார். இத்தனை நாள் அவனிடம் வாங்கிய வேலைக்கு என்ன பதில் என்று விற்றவர் கேட்டார். அந்த நாட்களில் அவன் இறந்திருந்தால் நஷ்டம் வாங்கியவருடையது. ஆகவே அந்த நாட்களின் பயனும் அவருக்கே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இழப்பை யார் சுமக்கிறாரோ அவருக்கே பயன் உரியது என்று இமாம்கள் இதிலிருந்து ஒரு பெரும் சட்டவிதியை எடுத்தார்கள்.

இந்த விதியை வாடகை வீட்டின் வாசலில் வைத்துப் பாருங்கள். சுவர் இடிந்தால் வீட்டுக்காரருக்கு நஷ்டம். வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போனால் அன்றோடு வாடகை நின்றுவிடும். இந்தச் சுமை அவர் தலையில் இருப்பதால்தான் வாடகை அவருக்கு ஆகுமாகிறது. வாடகையை மட்டும் வைத்துக்கொண்டு சுமையைக் குடியிருப்பவர் தலையில் இறக்க நினைத்தால், ஹலாலுக்கான ஆதாரத்தையே அவர் கைவிடுகிறார்.

நாம் மதரஸாவில் ஹிதாயா ஓதிய காலத்தில், நம் உஸ்தாத் அவர்கள் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். மற்றப் பாடங்களை மெல்லிய குரலில் நடத்துபவர்கள், இஜாரா பாடம் வந்தால் மட்டும் குரலைச் சற்று உயர்த்துவார்கள். அதன் காரணம் அப்போது விளங்கவில்லை. நாமும் ஒரு வீட்டுக்கு வாடகை கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கிற்று. கூரை, சுவர், தண்ணீர்க் குழாய் போன்ற, வீடு வீடாக இருப்பதற்கு வேண்டிய பழுதுபார்ப்பு உடையவரின் பொறுப்பு. என்ன பழுது வந்தாலும் நீயே பார்த்துக்கொள் என்று குடியிருப்பவர் மீது நிபந்தனை போட்டால் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் ஒப்பந்தமே கெட்டுவிடும். ஏனென்றால் எவ்வளவு செலவு வரும் என்று தெரியாததால் வாடகை எவ்வளவு என்பதும் தெரியாததாகி விடுகிறது. மழைக்காலத்தில் மாடி ஒழுகும்போது குடியிருப்பவரின் போனை எடுக்காமல் இருந்துவிட்டு ஐந்தாம் தேதி வாடகைக்கு மட்டும் தாமே போன் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குடியிருப்பவரின் கையில் வீடு அமானிதம். அவர் வரம்பு மீறியோ அலட்சியத்தாலோ கெடுத்ததற்குத்தான் அவர் ஈடு கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டு குடியிருந்தால் சுவரின் வெள்ளை மங்கத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் வாடகை வாங்கினோம். காலி செய்கிற அன்று பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்சில் பிடிக்கிற வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. தொடக்கத்திலேயே தொகையைச் சொல்லி, இது உங்கள் வாடகையில் ஒரு பகுதி என்று பேசி முடித்திருந்தால் சரி. சொல்லாமல் கடைசி நாளில் பிடிப்பது பிறர் பொருளைப் பறிப்பதாகும்.

அட்வான்சு என்று வாங்கிய பணத்தை வாங்கிய மறுநாளே செலவு செய்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் அது நம் மீது கடன். "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தரட்டும், அப்புறம் தருகிறேன்" என்று வீட்டைக் காலி செய்தவரை நடக்க வைக்கிறார்களே, வசதியிருந்தும் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது இவர்களுக்கும்தான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ஒரு காலத்தில் எழுதப்படாத சட்டமாக இருந்தது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. எழுதிக்கொள்ளச் சொல்வது நமக்குப் புதிதல்ல. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான். "நமக்குள்ளே என்னத்துக்குப் பத்திரம்?" என்று தொடங்கிய உறவுகள்தாம் ஜமாஅத்துப் பஞ்சாயத்தில் வந்து முறிகின்றன.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2016-இல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தது. தனி மீட்டர் இல்லாத வீட்டில் சப் மீட்டர் வைத்து, அந்தச் சலுகையைத் தாம் எடுத்துக்கொண்டு, குடியிருப்பவரிடம் முதல் யூனிட்டிலிருந்தே பணம் வாங்கி, "ஈ.பி.காரன் போடுகிற ரேட்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசினால் அது ஒப்பந்தம். ஈ.பி. ரேட் என்று சொல்லி அதற்கு மேல் வாங்கினால் அது பொய்; அந்தப் பொய்யில் வந்த காசு நாற்பதோ ஐம்பதோ என்றாலும் நம் வீட்டு அரிசியோடுதான் வேகிறது.

வீட்டுக்காரரை மட்டும் பிடித்துக்கொண்டோம் என்று நினைக்க வேண்டாம். தவணை முடிந்தும் காலி செய்ய மறுத்து, "கோர்ட்டுக்குப் போய்க்கொள்" என்று உட்கார்ந்திருப்பவர் தொழுகிற தரையும் பிறருடையது. ஒரு சாண் நிலத்தை அபகரித்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற கருத்தில் வரும் ஹதீதை அவர் கேட்டிருப்பார். அது வயல் வரப்புக்கு மட்டும் என்று எண்ணிக்கொண்டார் போலும். இதைவிடக் கொடுமை வக்ஃபுக் கடைகளில் நடக்கிறது. பாட்டனார் காலத்தில் பேசிய சில நூறு ரூபாய் வாடகையைப் பள்ளிவாசலுக்குக் கட்டிவிட்டு, அதே கடையை மறு ஆளுக்குப் பல ஆயிரத்துக்கு உள்வாடகைக்கு விடுகிறவர் முதல் ஸஃப்பில் நிற்கிறார். வக்ஃபுச் சொத்தை அந்த இடத்தின் நடப்பு வாடகைக்குக் குறைத்து விடக்கூடாது என்பது ஃபுகஹாக்கள் தெளிவாக எழுதிய சட்டம். அந்த வித்தியாசத்தில்தான் மதரஸா பிள்ளைகளின் கஞ்சியும் இமாமின் சம்பளமும் இருக்கின்றன.

ஜகாத்தைப் பற்றிப் பலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் விலைக்கு ஜகாத் இல்லை. வாடகையில் செலவு போக மிஞ்சி, மற்றப் பணத்தோடு சேர்ந்து நிஸாபை அடைந்து ஓராண்டு நின்றால் அதற்கு நூற்றுக்கு இரண்டரை. விற்று லாபம் பார்ப்பதற்கென்றே வாங்கிப் போட்ட வீட்டுக்கும் மனைக்கும் மட்டும் ஆண்டுதோறும் அதன் சந்தை மதிப்புக்கு ஜகாத் உண்டு. வாப்பா விட்டுப்போன வீட்டின் வாடகையை அண்ணன் தம்பிகள் மட்டும் பங்கிட்டுக்கொள்வதையும் இங்கே சொல்ல வேண்டும். உடைமையில் பங்குள்ளவருக்குப் பயனிலும் பங்குண்டு. சகோதரி கேட்கவில்லை என்பதால் அவருடைய பங்கு நமக்கு ஹலாலாகிவிடாது; அவர் வெட்கத்தால் கேட்காமல் இருக்கிறார்.

இனி ஒத்திக்கு வருவோம். ஒத்தி கொடுத்தவர் எதைச் சுமக்கிறார்? வீடு ஒழுகினால் உடையவர் பார்ப்பார். வீட்டின் விலை விழுந்தாலும் இவருடைய 6 லட்சம் 6 லட்சமாகவே திரும்பும். ஆக, அவர் கொடுத்தது கடன். வீடு அதற்கு அடமானம். குடியிருப்பு அந்தக் கடனால் கிடைத்த லாபம். இது நாம் வலிந்து சொல்வதல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் இந்த அனுபவ அடமானத்தை விளக்கும்போது, சொத்தின் வரும்படியை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்வதை அதன் இலக்கணத்திலேயே சேர்த்திருக்கிறது. மார்க்கம் அறியாத ஆங்கிலேயன் எழுதிய சட்டம் வட்டி என்று பெயர் சொல்லிவிட்டது. நாம்தாம் 'வட்டி இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

கடனால் வரும் பயனில் முன்னோர் எவ்வளவு நுணுக்கமாக இருந்தார்கள் தெரியுமா? மதீனா வந்த அபூபுர்தா (ரஹ்) அவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், நீங்கள் வட்டி மலிந்த நாட்டில் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதீர்கள், அதுவும் வட்டி என்ற பொருள்பட எச்சரித்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரு சுமை வைக்கோலுக்கே இப்படியென்றால் மூன்று ஆண்டு குடியிருப்புக்கு என்ன சொல்வது?

கிதாபு ஓதிய சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். அடமானப் பொருளை உடையவரின் அனுமதியோடு பயன்படுத்தலாம் என்று ஹனஃபி கிதாபுகளில் இருக்கிறதே, வீட்டுக்காரர் மனமுவந்துதானே கொடுக்கிறார் என்பார்கள். இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் டமாஸ்கஸ் நகரத்து அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் தம் ரத்துல் முஹ்தாரில் இதை ஆராய்ந்து, இக்கால மக்கள் அந்தப் பயனை எதிர்பார்த்தே கடன் தருகிறார்கள், அது இல்லையென்றால் தரவே மாட்டார்கள். வழக்கமாகிப் போனது வாயால் போட்ட நிபந்தனை போன்றதே, ஆகவே கூடாது என்ற முடிவையே வலுப்படுத்துகிறார்கள். குடியிருக்க விடவில்லையென்றால் 6 லட்சத்தைச் சும்மா தருவீர்களா என்று நம்மை நாமே கேட்டால் பதில் கிடைத்துவிடும். திருப்பிக் கொடுக்கும் வாக்குறுதியுடன் விற்பதான பைஉல் வஃபா என்ற முறையை முற்காலத்து புகாரா, பல்கு பகுதி ஆலிம்கள் சிலர் மக்களின் நெருக்கடி கருதி அனுமதித்தது உண்மை. மற்றவர்கள் அதைக் கடனின் மறுவேடம் என்றே கண்டார்கள். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் 1992-இல் கூடாது என்றே முடிவு செய்தது. 5 லட்சம் ஒத்தியோடு பெயருக்கு 200 ரூபாய் வாடகை என்று எழுதிக்கொள்வதும் விஷயத்தை மாற்றாது. விட்டுக்கொடுத்த மீதி வாடகை எதற்காக என்பது இருவருக்கும் தெரியும்.

சரி, அந்த லாத்தாவுக்கு என்ன சொல்வது? ஒரு வாரம் கழித்து அவருடைய காக்காவையும், வீட்டுக்காரரையும் அஸருக்குப் பின் உட்காரவைத்துப் பேசினோம். வீட்டுக்காரர் கெட்டவரல்ல. மகளின் திருமணச் செலவுக்காக அந்த 6 லட்சத்தை வாங்கியவர். இன்று கேட்டால் திருப்பித் தர அவரிடம் பணமில்லை.

முதலில் முன்வாடகை வழியைச் சொன்னோம். அந்த வீட்டுக்கு நடப்பு வாடகை 7,500 ரூபாய். இன்று முதல் 6 லட்சத்தை வாடகையாகவே கழித்துக்கொண்டு போனால் 80 மாதம், அதாவது 6 ஆண்டு 8 மாதம் வரும். இடையில் காலி செய்தால் கழியாத மீதி திரும்ப வேண்டும். இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் 80 மாதம் முடியும்போது அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவர் முகம் வாடியதைக் கண்டோம். மகளுக்கு என்று அவரிடம் இருப்பது அது ஒன்றுதானே.

இரண்டாவது வழி கூட்டுடைமை. மூன்றாம் ஆள் ஒருவரைக் கொண்டு வீட்டை மதிப்பிட்டால் 24 லட்சம் பெறும் என்றால், 6 லட்சத்துக்கு நாலில் ஒரு பங்கை அவருக்கே விற்றுவிடுவது. பத்திரச் செலவு உண்டு. பிற்காலத்தில் வீட்டுக்காரர் அந்தப் பங்கைத் திரும்ப வாங்க நினைத்தால் அன்றைய விலையில் பேசி வாங்கலாம். இன்றே விலையைக் கட்டிவைக்கக்கூடாது, கட்டிவைத்தால் மறுபடியும் ஒத்தியாகிவிடும். மீதி முக்கால் பங்குக்கு மாதம் 5,625 ரூபாய் அவர் வாடகை தர வேண்டும். தையல் வேலை செய்து பிழைப்பவருக்கு அது சிறிய தொகையல்ல.

அப்போது அந்த லாத்தாவே ஒரு வழி சொன்னார். "எனக்கும் மகளுக்கும் முழு வீடு எதற்கு? பின்கட்டு போதும். முன்கட்டை வேறு ஆளுக்கு விடுங்கள்." பின்கட்டுக்கு 3,500, முன்கட்டுக்கு 4,000 என்று பேசினார்கள். மொத்த வாடகை 7,500-இல் அவருடைய கால் பங்கு 1,875. அது போக அவர் தர வேண்டியது மாதம் 1,625 ரூபாய். காக்கா அதில் பாதியைத் தாம் ஏற்றுக்கொண்டார்.

கழிந்த மூன்று ஆண்டுகளைப் பற்றியும் அவர் கேட்டார். அறியாமல் நடந்தது; அறிவுரை வந்தபின் விலகிக்கொண்டவருக்கு முன்பு சென்றது அவருடையதே என்று அதே வசனத்தில் (2:275) வருகிறது. ஆனாலும் மனம் நிம்மதியடைய வீட்டுக்காரரிடம் ஹலால் கேட்டுக்கொள்ளச் சொன்னோம். அவர் கண் கலங்கி, "நானும்தான் உங்களிடம் கேட்க வேண்டும்" என்றார்.

பத்திரம் முடிந்த மாதமே மழை பிடித்துக்கொண்டது. மாடியில் ஒழுகிய இடத்தைத் தட்டிப் பூச 16,000 ரூபாய் ஆயிற்று. லாத்தாவின் பங்கு 4,000. தையல் காசிலிருந்து இரண்டு தவணையாகக் கொடுத்து முடித்துவிட்டதாக அவருடைய காக்கா நம்மிடம் சொன்னார்.